சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு வீரவநல்லூரில் இருக்கிறது. தாத்தா கட்டிய மட்டப்பா வீடு, மரக்கட்டை மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை. 2023 டிசம்பர் மழைக்குப் பிறகு பின்கட்டு ஒழுக ஆரம்பித்தது. இப்போது காலையில் எழுந்தால் அப்பாவின் போர்வையில் காரைத் தூள் கிடக்கிறது. பின்கட்டை இடித்துவிட்டு இரண்டு அறை, அடுப்பங்கரை, குளியலறை என்று 700 சதுரடிக்குக் கான்கிரீட்டில் கட்டலாம், முன்பக்கத்துத் தார்சாவையும் (வராந்தா) பட்டாசலையும் (கூடம்) பழுதுபார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். வங்கிக் கடன் போடப் போகிறேன். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் அத்தை வழிச் சொந்தம். "நமக்குள்ள எழுத்து எதுக்கு மாமா, வேலைய ஆரம்பிப்போம், கணக்கப் பொறவு பாத்துக்கிடலாம்" என்கிறார். இரண்டாமவர் திருநெல்வேலி காண்ட்ராக்டர். சதுரடிக்கு இவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். விலை குறைவுதான், ஆனால் 40 சதவீதம் முன்பணம் கேட்கிறார். பட்டாசலுக்கு மேலே 3 இஞ்ச் கான்கிரீட் போட்டால் ஆயுசுக்கும் ஒழுகாது என்றும் சொன்னார். மூன்றாமவர் பக்கத்து ஊர்க் கொத்தனார். விலையே சொல்லவில்லை. மேலே ஏறினார், கட்டையை ஆணியால் குத்தினார், நாலு இடத்தில் காரையை உடைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். "தொழில் தெரிஞ்சவன்னா பாத்த ஒடனே சொல்லிருப்பான்" என்று அப்பாவுக்கு அவர் மேல் நம்பிக்கை வரவில்லை. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், மாதம் ஒரு தடவைதான் வர முடியும். நம்பிக்கையான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போன காண்ட்ராக்டர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் திருடர்கள் இல்லை. தொழில் தெரியாதவர்களும் இல்லை. ஒருவர் வீட்டுப் பணத்தில் இன்னொருவர் வீட்டு வேலையை ஓட்டியவர்கள். உங்களிடம் வாங்குகிற முன்பணம் போன வருடம் ஒப்புக்கொண்ட வீட்டுக்கு டைல்ஸாகப் போகும். உங்கள் வீட்டு வேலை நடக்க வேண்டுமானால் அடுத்து ஒருவர் முன்பணம் கொடுக்க வேண்டும். அந்த அடுத்த ஆள் வராத மாதத்தில் செல்போன் அணைந்துவிடும்.

என் வீட்டிலேயே நடந்ததுதான் இது. தங்கைக்கு வீடு கட்டும்போது என்னோடு கூடப் படித்தவனிடம் வேலையைக் கொடுத்தேன். நானே இன்ஜினியர், அவன் என் சிநேகிதன், அப்புறம் என்ன கணக்கு என்று இருந்துவிட்டேன். கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வருவதற்குள் 60 சதவீதம் வாங்கிவிட்டான். புரட்டாசியில் வேலை நின்றது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத மழையிலும் தூணில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி துருப்பிடித்து, துரு சுவரில் செம்மண் நிறத்தில் கோடு கோடாக இறங்கியது. தைப் பொங்கலுக்கு அவனைத் தேடிப் போனேன். ஊரில் வேறு யாருக்கோ பால்காய்ச்சு நடந்துகொண்டிருந்தது, பந்தலில் நின்று விருந்தாட்களை வரவேற்றுக்கொண்டிருந்தான். என் தங்கை பணம் அந்த வீட்டுத் தரையில் கிடந்தது. அவனைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே ஆள் எப்படி என்று விசாரிப்பதைவிட, அவர் கையில் பணம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். அதற்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் சரியான நேரம். நம் பக்கம் கட்டட வேலைக்கு வாரச் சம்பளம் அன்றைக்குத்தான். அவர் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் ஏதாவது ஓர் இடத்துக்கு ஐந்தரை மணி வாக்கில் போங்கள். கொத்தனார் கரண்டியையும் மட்டப்பலகையையும் கழுவிச் சாக்கில் சுற்றியிருப்பார். சித்தாள் பெண்கள் முகம் கழுவி, தூக்குவாளியோடு மணல் குவியல் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். காண்ட்ராக்டர் வந்து நோட்டைப் பிரித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எண்ணிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அந்த இடம் காலியாகிவிடும். அப்படி இல்லாமல், "இந்தா, ஐநூறு வச்சுக்கிடு, மிச்சத்த திங்கக்கெழம பாப்போம்" என்று பேச்சு நடந்தால், ஆறரை மணிக்கும் ஆட்கள் போகாமல் நின்றால், நீங்கள் வந்த வழியே திரும்பிவிடலாம். சித்தாள் சம்பளத்தைத் தள்ளிப்போடுகிறவர் உங்கள் சிமெண்டை மட்டும் நேரத்துக்கு இறக்குவார் என்று நான் நம்ப மாட்டேன். ஒரு வாரம் யாருக்கும் முடை வரலாம். அடுத்த சனிக்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது, அவர் கம்பியும் சிமெண்டும் எடுக்கும் கடை. நேராக "அவரு எப்படி?" என்று கேட்காதீர்கள், எந்தக் கடைக்காரரும் வாடிக்கையாளரைக் குறை சொல்ல மாட்டார். "எங்க வீட்டு வேலைக்கு இன்னார் பேரச் சொன்னா சரக்கு அனுப்புவீங்களா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். "தாராளமா" என்றால் சரி. அண்ணாச்சி ஒரு நிமிடம் கல்லாவைப் பார்த்துவிட்டு "ரொக்கம்னா அனுப்புவோம்" என்றால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

அவர் கட்டி முடித்த வீட்டைப் பார்க்கிறேன் என்றால் எல்லோரும் புது வீட்டைத்தான் காட்டுவார்கள். பெயிண்ட் வாசம் போகாத வீட்டில் ஒன்றும் தெரியாது. இரண்டு மழைக்காலம் கண்ட வீடாகக் கேளுங்கள். குளியலறைக்கு வெளிப்பக்கச் சுவர், சன்ஷேடு சுவரோடு சேருமிடம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் அடிப்பக்கம், இந்த மூன்றையும் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் பேசுங்கள். ஐயாவுக்கு வீடு நல்லாயிருக்கும். எந்தக் குழாயில் தண்ணீர் கசிகிறது, கூப்பிட்டால் அவர் வந்தாரா இல்லையா என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

இனி உங்கள் மூன்று பேருக்கு வருவோம்.

மட்டப்பா எப்படிக் கட்டியது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் இவர்களின் குட்டு இருக்கிறது. சுவருக்குச் சுவர் மரக்கட்டை போடுவார்கள், தேக்காகவோ பனையாகவோ இருக்கும். அதன் மேல் சின்ன செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக அடுக்கி, அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள் கணக்கில் அடித்து இறுக்கி, மேலாகத் தட்டோடு பதிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்த காலம் அது. இந்தக் கூரையில் பாரம் முழுவதையும் தாங்குவது மரம்தான். மரம் முதலில் உளுப்பது நடுவில் இல்லை, சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். ஈரம் அங்கேதான் தங்கும், கண்ணுக்கும் தெரியாது.

அதன் மேல் 3 இஞ்ச் கான்கிரீட் போடலாம் என்கிறார் இரண்டாமவர். ஒரு சதுரடிக்கு அது ஏறக்குறைய 17 கிலோ. உங்கள் பட்டாசல் 12-க்கு 10 அடி என்று வைத்துக்கொண்டால் 2,000 கிலோவுக்கு மேல். இரண்டு டன் எடையை முனை எப்படி இருக்கிறது என்றே பார்க்காத கட்டை மேல் ஏற்றச் சொல்கிறார். அதற்குக் கீழேதான் வருகிற விருந்தாட்களை உட்கார வைப்பீர்கள். அவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. புது கான்கிரீட் வீடு நன்றாகவே கட்டுவாராக இருக்கும். பழைய வீடு அவருக்குத் தெரியாது, தெரியாது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. சுண்ணாம்புச் சுவரை "சுரண்டிட்டு சிமெண்ட் பூசிருவோம்" என்கிற ஆளும் இதே ரகம்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். இரண்டு வருடத்தில் பூச்சு பொரிந்து பெயரும், அதோடு உள்ளே இருக்கும் காரையும் சேர்ந்து வரும்.

அவர் விலை ஏன் குறைவு என்பதையும் யோசித்துப் பாருங்கள். அந்தத் தாளில் பின்கட்டை இடித்த மரமும் நிலையும் கதவும் யாருக்கு என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருக்காது. பழைய தேக்குக்கு வாங்க ஆள் வரிசையில் நிற்கிறார்கள். "இடிச்சு அள்ளுறது ஃப்ரீ" என்று யாராவது சொன்னால், அந்த ஃப்ரீ உங்கள் தாத்தா வாங்கிப் போட்ட கட்டையிலிருந்து வருகிறது. அதோடு 700 சதுரடி என்பதில் சன்ஷேடு, லாஃப்ட், படிக்கட்டு, செப்டிக் டேங்க், மேல்தொட்டி, கட்டட வேலைக்கான தற்காலிக மின் இணைப்பு எல்லாம் சேர்த்தியா, தனியா? கம்பி எந்தக் கம்பெனி, எந்த கிரேடு? சுவருக்குச் செங்கலா, சிமெண்ட் கல்லா? அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம், அதற்கு மேல் தோண்ட வேண்டி வந்தால் என்ன கணக்கு? மானூர்ப் பக்கம் கரிசலில் கட்டுவதும் உங்கள் ஊரில் கால்வாய்ப் பாசன வயலை ஒட்டிக் கட்டுவதும் ராதாபுரம் பக்கம் செம்மண்ணில் கட்டுவதும் ஒன்றில்லை. அஸ்திவாரத்துக்கு வானம் (பள்ளம்) தோண்டிப் பார்க்காமல் ஒரே விலை சொல்கிறவர் எங்கேயோ ஓர் இடத்தில் அதைச் சரிக்கட்டத்தான் செய்வார்.

மூன்றாமவர் ஆணியால் குத்திப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நல்ல மரத்தில் ஆணி கால் இஞ்சுக்கு மேல் இறங்காது. உளுத்த மரத்தில் வெண்ணெயில் போவது மாதிரிப் போகும். காரையை உடைத்துப் பார்க்கணும் என்றது கட்டை முனையைப் பார்ப்பதற்காகத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: நாடி பிடிக்காமலே மருந்து எழுதுகிற வைத்தியரிடம் அவர் போவாரா? நான் முதலில் இவரோடுதான் பேசுவேன். ஆனால் ஆணியை மட்டும் நம்பி வேலையைக் கொடுத்துவிடாதீர்கள். மேலே சொன்ன சனிக்கிழமையும் கடையும் இவருக்கும் உண்டு. நல்ல கொத்தனார் எல்லோரும் நல்ல காண்ட்ராக்டர் ஆகிவிடுவதில்லை. கான்கிரீட், கம்பி கட்டு, பிளம்பிங், வயரிங் எல்லாம் இவரே ஆள் வைத்துப் பார்ப்பாரா, சுவர் கட்டும் பூச்சும் மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

லேபர் காண்ட்ராக்டாகக் கொடுத்துச் சாமானை நாமே வாங்கிப் போட்டால் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். மிச்சம்தான். ஆனால் கூடவே ஒருவர் இருக்க வேண்டும். எம்-சாண்ட் லாரி வந்தால் ஏறி நின்று அளக்கவும், சிமெண்ட் மூட்டையை எண்ணி நனையாமல் அடுக்கவும், "ஐயா, கட்டுக்கம்பி தீந்துட்டு" என்றால் அந்த நேரத்துக்கு ஓடவும் அப்பாவால் முடியுமா? முடியாது என்றால் சாமானோடு சேர்த்தே கொடுங்கள். அதற்குப் பதிலாக, காண்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரை அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ பிடித்து, ஐந்தாறு தடவை வந்து பார்க்க மட்டும் தனியாகப் பணம் கொடுங்கள். வானம் தோண்டியதும், அஸ்திவாரக் கம்பி கட்டியதும், மேல்தளக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாளும் அவர் கட்டாயம் வர வேண்டும். காண்ட்ராக்டர் கூட்டி வருகிற இன்ஜினியர் இதற்கு ஆக மாட்டார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று பாருங்கள்.

பணம் எப்போதும் வேலைக்கு ஓரடி பின்னால் போக வேண்டும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் கணக்கு இது: ஒப்பந்தம் போடும்போது 5 சதவீதம், பேஸ்மட்டம் முடிந்ததும் 20, லிண்டல் மட்டத்தில் 15, மேல்தளக் கான்கிரீட் முடிந்து 25, பூச்சு முடிந்து 15, தரை, குழாய், வயரிங் முடிந்து 15. மிச்சம் 5 சதவீதத்தை அடுத்த கார்த்திகை மழை முடியும் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி 5-ஐ ஒப்புக்கொள்ள எல்லோரும் முனகுவார்கள். முனகட்டும், எழுத்தில் இருக்கட்டும். 40 சதவீதம் முன்பணம் கேட்டவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். "முதல் லோடு கம்பி, சிமெண்டுக்கு மட்டும் வேணும்" என்று இறங்கி வந்தால் பேசலாம். பில்லைக் கடைக்கு நேராக நீங்களே கட்டிவிடலாம். இறங்கவே முடியாது என்றால், அந்தப் பணம் எங்கே போகப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். எதையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவே போகட்டும்.

சொந்தக்காரர் விஷயம்தான் சங்கடமானது. அவரை வேண்டாம் என்றால் நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் அத்தை முகத்தில் விழிக்க வேண்டும். அவர் வேலையும் நல்ல வேலையாக இருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்? மற்ற இருவரையும் போல அவரையும் சனிக்கிழமை போய்ப் பாருங்கள். எழுத்து வேண்டாம் என்கிறாரே, அதற்கு உங்கள் கையிலேயே வழி இருக்கிறது. வங்கிக் கடன் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கி ஒரே தவணையில் பணம் விடாது. கட்டடம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் விடும், எஸ்டிமேட்டும் அனுமதி வாங்கிய பிளானும் கேட்கும். "அத்தான், பேங்க்ல கேக்காங்க, எழுத்து இல்லாம ஒண்ணும் நகராது" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. இதற்குப் பிறகும் கணக்கைப் பொறவு பார்க்கலாம் என்பாரானால், அப்பாவுக்கே புரிந்துவிடும்.

பிளான் அனுமதி பற்றி ஒரு வார்த்தை. 2500 சதுரடிக்குள் மனை, 3500 சதுரடிக்குள் கட்டடம் என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி வாங்கும் வழியைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. உங்களுடையது பழைய வீட்டோடு ஒட்டிய வேலை. அதில் வருமா என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிறகு தகராறு என்று வந்தால் ரேராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போகலாம் என்று சிலர் சொல்வார்கள். அது மனைப்பிரிவு, அடுக்குமாடி விற்கிறவர்களுக்கு. சொந்த மனையில் சொந்த வீடு கட்டுகிறவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் இரண்டு வருடத்துக்குள். அங்கே போனால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும்தான் பேசும்.

வேலை நடக்கும்போது அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கக்கூடியது மூன்று உண்டு. கம்பி இறங்கும்போது ஒன்றை எடை போடச் சொல்லுங்கள். 12 மீட்டர் நீளமுள்ள 8 எம்.எம். கம்பி 4.7 கிலோ பக்கம் வர வேண்டும், 12 எம்.எம். என்றால் 10.6 பக்கம். கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், 8 எம்.எம். நாலு கிலோவுக்கு வந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது, தண்ணீர். கான்கிரீட்டில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு 27 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கலவை போடும் நிமிந்தாளுக்குக் கலவை இளகலாக இருந்தால் கை வலிக்காது, அதனால் மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பினால் இன்னொரு வாளி ஊற்றுவார். அப்பா நாற்காலியைக் கலவை மெஷின் பக்கம் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், அந்த வாளி வராது. மூன்றாவது, மேல்தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது. இப்போது வருகிற சிமெண்டுக்கும் நம் வெயிலுக்கும் பத்து நாளுக்குக் குறையக் கூடாது, பதினாலு நாள் என்றால் நல்லது. கான்கிரீட் இறுகும் வரை கீழே தாங்கும் சென்ட்ரிங் தகட்டுக்கு நாள் வாடகை என்பதால் சீக்கிரம் பிரிக்கப் பார்ப்பார்கள். 15 அடிக்குள் உள்ள ஸ்லாபுக்கு ஏழு நாளாவது முட்டு நிற்க வேண்டும், பீம் அடியில் இரண்டு வாரம்.

தை பிறந்து வேலையைத் தொடங்குங்கள். ஐப்பசிக்கு முன்னால் மேல்தளம் முடிந்து நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். பங்குனி உத்திர வாரத்தில் கான்கிரீட் நாள் மட்டும் வைக்காதீர்கள். சாஸ்தா கோயிலுக்குப் புறப்பட்ட ஆளை எந்த ஒப்பந்தத்தாலும் நிறுத்த முடியாது, நானே நிற்க மாட்டேன்.

இவ்வளவும் நிதானமாகச் செய்யலாம். ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. போர்வையில் காரைத் தூள் விழுகிறது என்றால் மேலே கட்டை அசைகிறதாக இருக்கலாம். இன்றைக்கே போன் போட்டு, அப்பாவின் கட்டிலைத் தார்சாவுக்கு எடுத்துப் போடச் சொல்லுங்கள். அந்த மூன்றாவது கொத்தனாரையே கூப்பிட்டு, பின்கட்டில் கட்டைக்கு அடியில் நாலு முட்டு கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை. அதற்கு என்ன கேட்கிறார், எப்படிச் செய்கிறார் என்று அப்பா கூட நின்று பார்க்கட்டும்.